பாசியைப் பிடுங்கும் முன் குடத்தைப் பாருங்கள்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலோர ஊர்களுக்கு எத்தனையோ முறை வண்டி ஓட்டியும் ஒருநாள்கூட நின்று கடலைப் பார்த்ததில்லை என்ற ஏக்கம் அவருக்கு உண்டு. அதனால் ஓய்வுக்கால பணத்தில் கொஞ்சம் எடுத்து, பெங்களூருவில் ஒரு கடையில் சாமான் வாங்கி, பொங்கல் முடிந்த கையோடு வீட்டுக் கூடத்தில் உப்புநீர் மீன் தொட்டி வைத்திருக்கிறார். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வெள்ளைக் காய்ந்த கல் 20 கிலோ, இரண்டு கிளவுன் மீன், ஒரு டாம்சல் மீன், ஒரு கிளீனர் இறால், ஐந்து துறவி நண்டு. பவளம் இல்லை.

முதல் மாதம் கல்லிலும் மணலிலும் பழுப்புத் தூள் படர்ந்தது. பிறகு அது போய்ப் பச்சை வந்தது. இப்போது மூன்று அங்குல நீளத்துக்கு முடி முடியாகப் பாசி. கல்லே தெரியவில்லை என்கிறார். மூன்று நாள் தொட்டியைக் கம்பளியால் மூடிப் பார்த்தார். ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. கடையில் கொடுத்த பாசி மருந்து பாட்டில் ஒன்றும் தீர்ந்துவிட்டது. சோதனைப் பெட்டியில் நைட்ரேட் 10, பாஸ்பேட் பூஜ்யம். “தண்ணி சரியாத்தான இருக்கு, அப்புறம் ஏன்?” என்று கேட்கிறார். வீட்டில் அம்மாவோ, இந்தக் காசுக்கு ஒரு பசு வாங்கியிருக்கலாம் என்கிறாராம்.

அவர் கேட்டவை நான்கு. உரக்கடைக்காரர் சொன்னபடி ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடலாமா? எல்லாவற்றையும் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிப் புதிதாகத் தொடங்கலாமா? பாசி தின்னும் என்று சொல்லும் நீல சர்ஜன் மீனை வாங்கலாமா? ராமேஸ்வரம் பக்கமிருந்து ‘உயிர்க்கல்’ கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொல்கிறார், அதைப் போட்டால் தீருமா?

ஐயா, வணக்கம். உங்கள் நான்கு கேள்விக்கும் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், நீங்கள் கேள்வியாகக்கூட எழுதாமல் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி இருக்கிறது: “வெயிலுக்குத் தண்ணி தினமும் மூணு லிட்டர் குறையுது, சின்ன குடத்துல போர்த் தண்ணி புடிச்சு ஊத்தி லெவல் பண்ணிடுவேன்.” அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

நீங்கள் ஓட்டுநர். பேட்டரி உங்களுக்குத் தெரியாததல்ல. பேட்டரியில் அளவு குறைந்தால் எதை ஊற்றுவீர்கள்? ஆசிட் ஊற்ற மாட்டீர்கள், குழாய்த் தண்ணீரும் ஊற்ற மாட்டீர்கள். டிஸ்டில்டு வாட்டர்தான். ஏனென்றால் ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்; ஆசிட் உள்ளேயே இருக்கிறது. குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பெல்லாம் தட்டில் படிந்து பேட்டரி கெட்டுவிடும். உப்புநீர்த் தொட்டியும் இதே கணக்குதான். ஆவியாகும்போது சுத்தமான தண்ணீர் மட்டுமே மேலே போகிறது. கரைந்திருக்கும் எதுவும் போவதில்லை.

இப்போது உங்கள் குடத்தைக் கணக்குப் போடுவோம். தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 190 லிட்டர். கல், மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக உள்ளே இருக்கும் தண்ணீர் 160 லிட்டர்தான் இருக்கும். தினம் மூன்று லிட்டர் வீதம் 110 நாளில் 330 லிட்டர் போர்த் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தொட்டித் தண்ணீரைப் போல இரண்டு மடங்கு. உங்கள் போரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மில்லிகிராம் அளவு, 1,100 என்று ஆர்.ஓ. மெக்கானிக் அளந்து சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் லிட்டருக்கு 1.1 கிராம். 330 லிட்டரில் 360 கிராமுக்கு மேல். தண்ணீர் காற்றோடு போய்விட்டது. அந்த 360 கிராம் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே தங்கிவிட்டது.

அதில் பெரும்பகுதி சுண்ணாம்பும் உப்பும். அவை பாசிக்குச் சாப்பாடு அல்ல. ஆனால் பாலக்கோட்டைச் சுற்றித் தக்காளித் தோட்டங்கள். தோட்டத்துக்குப் போடும் தழைச்சத்து உரத்தில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாக மண்ணில் இறங்கி நிலத்தடி நீருக்குப் போகும். குடிநீருக்கான இந்தியத் தர அளவே லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை அனுமதிக்கிறது. மனிதர் குடிக்க அது சரி. நம் தொட்டியில் 5 முதல் 10 வரை வைத்திருக்கப் பாடுபடுகிறோம். ‘குடிக்கிற தண்ணிதானே’ என்பது இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகிறது. முதல் மாதம் வந்த பழுப்புத் தூளுக்கும் இதில் பங்கு உண்டு. அது டயாட்டம் என்ற நுண்பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. நம் மாவட்டக் கருங்கல் பாறைக்கு அடியிலிருந்து ஏறிவரும் தண்ணீரில் சிலிக்கா கரைந்துதான் வரும்.

தர்மபுரிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும் என்று நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்த ஃபுளோரைடுக்காக வந்ததுதான். உங்கள் தொட்டி நான்கு மாதமாக அடுப்பில்லாமல் சுண்டிக்கொண்டிருக்கிறது.

சோதனைப் பெட்டி பூஜ்யம் காட்டுவது ஏன்

பாஸ்பேட் பூஜ்யம் என்று பார்த்ததும் நீங்கள் நிம்மதி அடைந்துவிட்டீர்கள். அந்த எண் தண்ணீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டை மட்டும்தான் சொல்கிறது. பாசி தின்று தன் உடம்பில் வைத்திருப்பதை அது அளக்காது. பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தபின் பாத்திரத்தைப் பார்த்து, “இன்றைக்குச் சமையலே நடக்கவில்லை” என்று சொல்ல முடியுமா? மூன்று அங்குலப் பாசி நிற்கிறது என்றால் அவ்வளவு பாஸ்பேட் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள்.

அது போர்த் தண்ணீரிலிருந்து அதிகம் வந்திருக்காது; பாஸ்பேட்டை மண் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு வழியாக வந்திருக்கலாம். ஒன்று மீன் தீனி. பேத்தி பள்ளி போகும் முன், வந்த பின், தூங்கும் முன் என்று மூன்று வேளை தூவுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது அந்த வெள்ளைக் கல். அது சுண்ணாம்புக் கல். பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருந்து, தண்ணீரில் குறையும்போது மெல்ல மெல்ல வெளியே விடும். வாங்கும்போதே அதில் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளந்து கொடுப்பதில்லை. கடைக்காரர் உங்களை ஏமாற்றினார் என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்பதை அவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது குறைதான்.

ஓசூரில் கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் தென்பெண்ணைத் தண்ணீர் வெள்ளை நுரையாகப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நுரையை அள்ளிக் கரையில் போட்டால் தீருமா? மேலே எங்கிருந்து கழிவு வருகிறது என்று பார்த்தால்தான் தீரும். அதே பார்வையோடு உங்கள் நான்கு யோசனைகளுக்கு வருகிறேன்.

மயில்துத்தம்

தயவுசெய்து போடாதீர்கள். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். தோட்டத்தில் சுண்ணாம்போடு சேர்த்து போர்டோ கலவையாக அடிப்பது. பாசியைக் கொல்லும் என்று உரக்கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் செம்பு இறாலையும் நண்டையும் நத்தையையும் அதைவிட வேகமாகக் கொல்லும். அதோடு முடியாது. சுண்ணாம்புக் கல்லும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல மாதம் கழித்தும் கசியவிடும். அதன்பிறகு அந்தத் தொட்டியில் ஓர் இறாலை நம்பி விட முடியாது. கடல் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்து கொடுப்போம், உண்மை. அதைக் கல்லும் மணலும் இல்லாத தனித் தொட்டியில், தினமும் அளவு பார்த்துத்தான் கொடுப்போம். சிட்டிகைக் கணக்கில் அல்ல.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இவ்வளவு பாசி ஒரே நாளில் செத்தால் அழுகும். அழுகும்போது ஆக்சிஜனைக் குடிக்கும், தின்று வைத்திருந்த சத்தையெல்லாம் தண்ணீரிலேயே கக்கும். காலையில் எழுந்து பார்த்தால் கிளவுன் மீன் மேலே வந்து வாய் பிளந்து நிற்கும்.

காலி செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது

இதைத்தான் நீங்கள் அதிகம் விரும்புகிறீர்கள் என்று எழுத்திலேயே தெரிகிறது. அலுத்துப்போன மனதுக்கு, துடைத்துவிட்டு ஆரம்பிப்பது ஆறுதலாகத்தான் தோன்றும். தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்தத் தொட்டியிலும் நான் இதைச் செய்தேன். கல்லை எல்லாம் பிளீச்சில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மணலைப் புதிதாக மாற்றி மறுபடி தொடங்கினேன். மூன்றாம் மாதம் அதே பாசி, அதே இடத்தில் நின்றது. கல்லை மாற்றினேன், தண்ணீரை மாற்றவில்லை. பிளீச் பாசியைக் கொல்லுமே தவிர, கல்லுக்குள் ஊறிய பாஸ்பேட்டை எடுக்காது. கூடவே, நான்கு மாதமாக அந்தக் கல்லில் குடியேறி மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவை முழுக்கக் கொன்றுவிடுவீர்கள். அது மறுபடி வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மூன்று மீனையும் இறாலையும் எங்கே வைப்பீர்கள்?

புது உப்புநீர்த் தொட்டி முதல் ஆறு மாதம் அசிங்கமாகத்தான் இருக்கும், ஐயா. பழுப்பு வரும், சிவப்பு வழுவழுப்பு வரும், பச்சை வரும். காலியாகக் கிடக்கும் நிலத்தில் முதல் மழைக்குக் களை முளைப்பதுபோலத்தான் இதுவும். உங்கள் தொட்டி அந்தக் கட்டத்தில் பாதிக்கு மேல் கடந்துவிட்டது. இப்போது காலி செய்வது, கடந்த பாதித் தூரத்தைத் திரும்ப நடப்பது.

நீல சர்ஜன் மீனும் ராமேஸ்வரத்துக் கல்லும்

நீல சர்ஜன் ஓர் அடி நீளம் வரை வளரும் மீன். நீந்திக்கொண்டே இருக்கும் இனம். மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. முடிப்பாசியை அது வேலையாக எடுத்துத் தின்னும் என்பதும் தவறான நம்பிக்கை; மிதக்கும் நுண்ணுயிர்கள்தான் அதற்கு முக்கிய உணவு. இன்னொரு மீன் வந்தால் தீனியும் கழிவும் கூடும். கணக்கு எதிர்ப்பக்கம்தான் போகும்.

உயிர்க்கல் விஷயத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து எடுத்துவரும் ‘உயிர்க்கல்’ என்பது பெரும்பாலும் பவளப் பாறையின் துண்டு. பாறை கட்டும் பவளங்கள் 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972ன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளம் என்று சொல்லியும் தப்ப முடியாது. முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. விற்றவர் போய்விடுவார், கல் உங்கள் கூடத்தில் இருக்கும். வாழ்நாளெல்லாம் விதியை மதித்து வண்டி ஓட்டியவர் ஐந்து கிலோ கல்லுக்காக இந்தக் கவலையைச் சுமக்க வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்; நீங்கள் நின்று பார்க்க ஆசைப்பட்ட கடலின் அடித்தளம் அது. உங்கள் பாசிக்கு அது மருந்தும் இல்லை.

முதலில் தண்ணீர்

இன்றிலிருந்து குறையும் அளவுக்குச் சுத்தத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்புக் கலக்காத, டி.டி.எஸ். பூஜ்யம் காட்டும் தண்ணீர். வீட்டில் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர் 120 காட்டுகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். ‘ஆர்.ஓ.தானே’ என்று அதில்தான் உப்புக் கலந்திருக்கிறீர்கள். நம் வீட்டு ஆர்.ஓ. மிஷினில் சுவைக்காக டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்று ஒரு திருகு வைத்திருப்பார்கள். அது சவ்வைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். அதாவது உங்கள் போர்த் தண்ணீரே பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது.

இங்கே தொட்டியை ஒரு நிமிடம் விட்டுவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் போரில் ஃபுளோரைடு இருந்தால், அந்தத் திருகு வழியாக அதுவும் குடிநீரில் கலக்கும். வீட்டில் பல் முளைக்கும் வயதுப் பிள்ளை இருக்கிறாள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் போர்த் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் கொடுத்து ஃபுளோரைடு பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கவே கூடாது. 1க்குள் இருப்பதுதான் நல்லது. மீனைவிட இது முக்கியம்.

தொட்டிக்கு வருகிறேன். மெக்கானிக்கிடம் சொல்லி, சவ்விலிருந்து நேராக, கண்ட்ரோலருக்கும் மினரல் கார்ட்ரிட்ஜுக்கும் முன்னால், ஒரு ‘டி’ வடிவ இணைப்பு போட்டுத் தனிக் குழாய் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே டி.டி.எஸ். 30 முதல் 60க்குள் வரும். அதன் முனையில், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் நிரப்பிய குழல் ஒன்றை மாட்டினால் பூஜ்யத்துக்கு இறங்கும். நிறம் மாறும் ரெசினாக வாங்கினால் எப்போது தீர்ந்தது என்று கண்ணாலேயே தெரியும். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். இந்தத் தொட்டிக்கு நீங்கள் வாங்கும் சாமானிலேயே விலை குறைந்ததும் அதிகம் உதவுவதும் அதுதான். இதெல்லாம் அமையும்வரை உங்களுக்குப் பழக்கமான டிஸ்டில்டு வாட்டரையே வாங்கி ஊற்றலாம். ஆனால் ஆசிட் புழங்கும் இடத்தில் திறந்த கேனில் ஊற்றித் தருவது வேண்டாம். சீல் உடையாததாக வாங்கி, மீட்டர் வைத்துப் பார்த்தபின் ஊற்றுங்கள்.

இதோடு வாரம் ஒருமுறை 25 லிட்டர் மாற்றுங்கள். பூஜ்யத் தண்ணீரில் கடல் உப்பு லிட்டருக்கு 35 முதல் 38 கிராம். பக்கெட்டில் சின்ன பம்ப் போட்டு முந்தின இரவே கலக்கவிட்டு, மறுநாள் ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். தொட்டிக்குள் நேராக உப்பைக் கொட்ட வேண்டாம்.

பிறகு கை

தண்ணீர் சரியான பிறகுதான் பிடுங்குவதற்குப் பலன். அதற்கு முன் அது என்ன பாசி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கொத்தைப் பிடித்து இழுங்கள். சுலபமாகக் கையோடு வந்து, தண்ணீருக்கு மேலே தூக்கியதும் நனைந்த நூல்போலத் தொங்கினால் சாதாரண முடிப்பாசி. ஒவ்வொரு இழையும் சின்னப் பெரணி இலைபோல இருபக்கமும் கிளைத்திருந்தால் அது பிரையாப்சிஸ் என்ற வேறு பாசி. அதற்கு வழி வேறு, படம் எடுத்து அனுப்புங்கள். சிவப்பாக, ஜவ்வுத் தாள்போல உரிந்து வந்தால் அது பாசியே இல்லை, சயனோ பாக்டீரியா. நீங்கள் எழுதிய அடையாளத்தை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகைதான்.

தண்ணீர் மாற்றும் நாளில்தான் பிடுங்க வேண்டும். ஒரு சின்ன சைஃபன் குழாயின் முனையில் பழைய பல்துலக்கும் பிரஷைக் கட்டிக்கொள்ளுங்கள். தேய்க்கத் தேய்க்க உதிர்வதைக் குழாய் உறிஞ்சி வெளியே கொண்டுபோய்விடும். உள்ளே மிதக்கவிட்டால் ஒவ்வொரு துண்டும் வேறோரு கல்லில் போய் ஒட்டும். ரொம்ப மோசமான கல்லை வெளியே எடுத்து, மாற்றிய பழைய தொட்டித் தண்ணீர் பக்கெட்டிலேயே தேயுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாக்டீரியா சாகும். ஒரே நாளில் எல்லாக் கல்லையும் தொடாதீர்கள். வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு போதும்.

தேய்த்தும் வேர் போகாத இடத்தில், கல் வெளியே இருக்கும்போதே ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்டு வைக்கலாம். மருந்துக்கடை பாட்டிலில் 6 சதவீதம் என்று இருந்தால் சம அளவு சுத்தத் தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பழைய தொட்டித் தண்ணீரில் அலசிய பின் உள்ளே வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். உங்கள் கிளீனர் இறால் அதைத் தாங்காது.

பாசி கட்டையான பிறகு நத்தை விடலாம். டர்போ வகை நத்தை நான்கைந்து போதும். மூன்று அங்குல முடியை நத்தை தின்னாது, அரை அங்குலமாக இருந்தால் தின்னும். எந்த இனம் என்று கேட்டு வாங்குங்கள். டர்போ மார்மோரட்டஸ், டிரோக்கஸ் நிலோட்டிகஸ் என்ற இரண்டு பெரிய நத்தைகளும் வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. துறவி நண்டுக்கு நாலைந்து காலிச் சங்கு போட்டு வையுங்கள், இல்லையென்றால் சங்குக்காக நத்தையைக் கொன்றுவிடும்.

விளக்கு, தீனி, பேத்தி

நீங்கள் எரியவிடும் பன்னிரண்டு மணி நேர விளக்கு தேவையே இல்லை. உங்கள் தொட்டியில் பவளம் இல்லாததால் விளக்கு உங்கள் கண்ணுக்குத்தான். டைமர் போட்டு, மாலை நாலரை முதல் பத்து வரை எரியவிடுங்கள். வெள்ளை ஒளியைப் பாதியாகக் குறையுங்கள். தொட்டிமேல் வெயில் விழும் அந்தக் கிழக்கு ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். காலை வெயில் எந்த விளக்கையும்விடப் பலமானது. கம்பளி போட்டு மூடியது ஏன் பலிக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். சாப்பாடு அப்படியே இருந்தது, மூன்று நாள் வெளிச்சத்தை மட்டும் மறைத்தீர்கள்.

தீனியைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். ஆனால் குழந்தை கையிலிருந்து டப்பாவைப் பிடுங்காதீர்கள். நாள் நாளாக மாத்திரை போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி விற்கிறதே, அதில் ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளுக்கும் அளந்து வையுங்கள். காலைக்கு ஒரு சிட்டிகை, மாலைக்கு ஒரு சிட்டிகை; ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. அன்றைய அறையைத் திறந்து போடுவது அவள் வேலை. உறைய வைத்த தீனி கொடுத்தால் வடிகட்டியில் அலசிக் கொடுங்கள், அந்தச் சாற்றில்தான் பாஸ்பேட் அதிகம். ஃபில்டர் பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து அலசுங்கள். அழுக்கு அதில் தங்கினாலும் தொட்டிக்குள் இருப்பதாகத்தான் கணக்கு.

பாசி குறையத் தொடங்கும்போது ஒரு விசித்திரம் நடக்கும். பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்த பாஸ்பேட் 0.1, 0.2 என்று ஏறும். பயப்படாதீர்கள். தின்ன ஆள் குறைந்ததால் கணக்கில் தெரிய வருகிறது, கல்லும் வெளியே விடுகிறது. அப்போதுதான் பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகளைப் பையில் கட்டி ஃபில்டரில் போட வேண்டும். பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியோடு தொடங்குங்கள். 0.03 முதல் 0.1க்குள் நின்றால் போதும். பாஸ்பேட்டையும் நைட்ரேட்டையும் உண்மையிலேயே பூஜ்யத்துக்கு விரட்டினால் டைனோ என்ற பழுப்புச் சளி வரும். அதை ஒப்பிட்டால் முடிப்பாசி சாது.

முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியாது. நான்காவது வாரத்தில் பிடுங்கிய இடம் முன்னைப்போல வேகமாக மூடவில்லை என்று கவனிப்பீர்கள். கல் வெளுத்துத் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஒரே இடத்தில் நின்று, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. நான்கு படத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும். வீட்டில் அம்மாவுக்கும் காட்டுங்கள். பசுவும் வாங்கியதும் பால் கறந்துவிடாதே, கன்று போடும்வரை தீனி போட்டுக் காத்திருந்தவர்தானே அவர்.

சித்திரை வெயிலில் தொட்டிச் சூடு எவ்வளவு என்று எழுதவில்லை. 28க்கு மேல் போனால் சின்ன விசிறியைத் தண்ணீர்ப் பரப்பு மேல் வீசும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவதும் கூடும், அதற்கேற்ப பூஜ்யத் தண்ணீர் தயாராக இருக்கட்டும். மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று அவசியம்.

பின்குறிப்பில், மாற்றும் உப்புத் தண்ணீரை வாசல் மாமரத்துக்கு ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது ஐயா. தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும், மா தாங்காது. இலை நுனி கருகத் தொடங்கினால் மண்ணைத் திருத்த வருஷக்கணக்கில் ஆகும். ஏரியிலும் கால்வாயிலும் வேண்டாம். வாரம் 25 லிட்டர்தானே, கழிவறையிலேயே ஊற்றிவிடுங்கள். பிடுங்கிய பாசியை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.